ஐந்தாவது ஆள்: அமெரிக்கக் கல்லூரி கிராஸ் கன்ட்ரி அணியை வருஷக்கணக்கில் நடத்துவது எப்படி

கிராஸ் கன்ட்ரி என்பது புல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் நீண்ட தூரப் பந்தயம். முதலில் கணக்கு. அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். அவர்களில் முன்னால் வரும் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ அந்த எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணி ஜெயித்தது. ஆறாவது, ஏழாவது ஆளின் எண் கூட்டலில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டால் அந்த அணியின் தொகை ஏறும்.

ஓர் அணி 1, 4, 22, 30, 68 என்று முடிக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 125. இன்னொரு அணி 14, 18, 21, 25, 29. மொத்தம் 107. பந்தயத்தில் முதலாவதாக வந்தவன் இருக்கும் அணி தோற்றுவிட்டது. அந்த 68-ஆவது ஆள் 45-ஆவதாக வந்திருந்தால் தொகை 102 ஆகி, கோப்பையும் வந்திருக்கும். தேசியப் போட்டியில் நடுக்கூட்டம் நெருக்கியடித்து வரும். ஒரே விநாடிக்குள் இரண்டு மூன்று பேர்கூடக் கோட்டைத் தாண்டுவார்கள். அந்த 23 இடம் என்பது பத்துப் பதினைந்து விநாடி விஷயம். பத்து கிலோமீட்டரில் பத்து விநாடி!

இந்த வேலையில் முப்பது, நாற்பது வருஷம் நின்றவர்களின் திறமை தெரிவது இந்த ஐந்தாவது ஆளிடம்தான். நட்சத்திர ஓட்டக்காரன் ஒருவன் எந்தக் கல்லூரிக்கும் அதிர்ஷ்டத்தில் கிடைப்பான். ஐந்தாவது ஆளை உருவாக்கித்தான் ஆக வேண்டும். கொலராடோவின் அலமோசா ஊரில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரி (இப்போது பல்கலைக்கழகம்). அங்கே 1965-லிருந்து பயிற்சி கொடுத்த ஜோ விஜிலின் ஆண்கள் அணி 1992-இல் இரண்டாம் டிவிஷன் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று அடுக்கு உண்டு, முதல் டிவிஷன்தான் உச்சம்) தேசியப் போட்டியில் 1, 2, 3, 4, 5 என்று முதல் ஐந்து இடங்களையும் எடுத்தது. தொகை 15, அதற்குக் கீழே போக வழியே இல்லை. ஆர்கன்சாஸில் ஜான் மெக்டானல் 1972 முதல் 2008 வரை இருந்து, கிராஸ் கன்ட்ரியில் மட்டும் 11 தேசியப் பட்டம் எடுத்தார். இல்லினாயில் நார்த் சென்ட்ரல் கல்லூரிக்கு 1966-இல் வந்த அல் காரியஸ் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். அது மூன்றாம் டிவிஷன். விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு டாலர்கூடக் கொடுக்க முடியாத இடம்.

வேலைக்குள் நுழைவது

நேரடியாகத் தலைமைப் பயிற்சியாளர் வேலை கிடைக்காது. பெரும்பாலும் முதுகலை படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராகச் சேர்வார்கள். கல்லூரி படிப்புக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும், கையில் கொஞ்சம் காசு தரும். அமெரிக்கத் தடகள அமைப்பின் முதல் நிலைச் சான்றிதழை அந்தக் காலத்திலேயே வாங்கிவிடுங்கள். ஓட்டம் சொல்லிக்கொடுப்பது வேலையில் பாதிகூட இல்லை. போட்டிக்குப் பெயர் கொடுப்பது, பேருந்தும் ஓட்டலும் பிடிப்பது, பையன்களின் மதிப்பெண் விழாமல் பார்ப்பது, பள்ளி மாணவர்களுக்குப் போன் போடுவது என்று மீதி ஓடும். அதோடு இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கத் தடகளம், வசந்தத்தில் வெளியரங்கத் தடகளம் என மூன்று சீசனுக்கும் அதே ஆள்தான். ஜூன் நடுவில் மூன்று வாரம் கட்டாயமாக விடுப்பு எடுக்காதவர்கள் பத்து வருஷம் தாண்டுவது அபூர்வம்.

ஆள் எடுப்பது

பள்ளிப் பையனின் 3,200 மீட்டர் நேரத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் புதிய பயிற்சியாளர்கள் செய்யும் முதல் தவறு. வாரம் 110 கிலோமீட்டர் ஓடி 9 நிமிடம் 15 விநாடி எடுக்கும் பையன் ஒருவன். வாரம் 50 கிலோமீட்டர் ஓடி 9:30 எடுக்கும் பையன் இன்னொருவன். முன்னவனிடம் ஏற்றுவதற்கு அதிகம் மிச்சமில்லை. பின்னவன் மூன்றாவது வருஷத்தில் உங்கள் ஐந்தாவது ஆள், ஒருவேளை இரண்டாவது ஆள். அதனால் போனில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது காயத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாய், கோடையில் தனியாக ஓடுவாயா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை இரண்டு முறை கேட்டுச் சரிபாருங்கள். பள்ளிப் பயிற்சியாளரிடம் ஒருமுறை, அம்மாவிடம் ஒருமுறை. அம்மாக்கள் பொய் சொல்வதில்லை.

இப்போது இந்தக் கணக்கைக் குழப்ப இரண்டு விஷயம் வந்திருக்கின்றன. 2018-இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஒன்று, அதாவது கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல். மூன்றாவது வருஷத்தில் பழுத்த ஆளை வேறு கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடும். இன்னொன்று, முதல் டிவிஷனில், வீரர்களுக்குக் கல்லூரியே வருமானத்தில் பங்கு கொடுக்கும் புதிய வருவாய்ப் பகிர்வு ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 2025-26 முதல் வந்த 17 பேர் உச்சவரம்பு. முன்பெல்லாம் உதவித்தொகை இல்லாமல், தானாக வந்து ஒட்டிக்கொண்ட பத்துப் பேரில் ஒருவன் நான்காவது வருஷத்தில் அணிக்குள் வருவான். அந்த வாசல் இந்தக் கல்லூரிகளில் ஏறக்குறைய மூடிவிட்டது. மூன்றாம் டிவிஷனில் இன்னும் திறந்திருக்கிறது. பொறுமையான ஆளுக்கு அங்கேதான் வேலை இனிக்கும்.

கோடை: உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சீசன்

நவம்பர் பந்தயம் ஜூலையில் முடிவாகிவிடுகிறது. ஆனால் முதல் டிவிஷனில் கோடையில் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த விதி இடம் தராது. திட்டத்தை எழுதிக் கொடுக்கலாம். ஓடுவது அவர்கள் விருப்பம்.

வெளியரங்க சீசன் முடிந்ததும் இரண்டு வாரம் முழு ஓய்வு. பிறகு உச்ச அளவின் பாதியில் தொடங்க வேண்டும். மூன்றாம் வருஷ ஆண் ஓட்டக்காரனின் உச்சம் வாரம் 110 கிலோமீட்டர் என்றால் தொடக்கம் 55-60. வாராவாரம் பத்து சதவீதம் ஏற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. அதைவிட நல்லது படிக்கட்டு முறை: ஒரேயடியாகப் பத்து கிலோமீட்டர் ஏற்றி, அதே அளவில் மூன்று வாரம் நிற்பது. 60, 70, 80, 90 என்று ஆகஸ்ட் முடிவுக்குள் நான்கு படி. மூச்சு இரண்டே வாரத்தில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் அதைவிட அதிக நாள் வேண்டும். வாராவாரம் ஏற்றினால் பையன் நன்றாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருப்பான், ஐந்தாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும்.

முதல் வருஷப் பையனுக்கு இதே ஏணி, ஆனால் 45-இல் தொடங்கி 75-இல் நிறுத்துங்கள். பள்ளியில் 5 கிலோமீட்டர் ஓடியவன் கல்லூரியில் 8, பிறகு 10 ஓட வேண்டும். அந்த ஆசையில் முதல் கோடையிலேயே மூத்தவர்களின் தூரத்தைப் பிடிக்கப் பார்ப்பான். செப்டம்பரில் பிரகாசிப்பான். அக்டோபரில் எலும்புக் காயத்துக்குப் போடும் பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு வருவான்.

நீண்ட ஓட்டம் வார மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு. வாரம் இருமுறை எளிய ஓட்டத்துக்குப் பிறகு புல்வெளியில் ஆறு முறை 100 மீட்டர் விரைவோட்டம். ஜூலை கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை தொடர்ந்து 20 நிமிட த்ரெஷோல்ட் ஓட்டம், அதாவது ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகத்தில். கோடைக்கு இது போதும். இதற்கு மேல் வேகம் சேர்த்துக் கொடுத்த திட்டங்கள் செப்டம்பரில் நேரம் காட்டும், நவம்பரில் காட்டாது.

சீசனில் ஒரு வாரம்

விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம்தான் பயிற்சி. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. அந்த ஓய்வு நாளில் பையன் தானாக ஓடினால் தப்பில்லை, நீங்கள் வரச்சொல்லக் கூடாது. அதனால் எளிய ஓட்டம் வரும் நாளை அங்கே வைத்துவிடுவார்கள்.

வாரம் 110 கிலோமீட்டர் ஓடுபவனுக்கு, பந்தயமில்லாத வாரம் ஏறக்குறைய இப்படி: திங்கள் 14 எளிது, விரைவோட்டத்தோடு. செவ்வாய் 18, அதில் 1.6 கிலோமீட்டர் ஐந்து முறை த்ரெஷோல்ட் வேகத்தில், நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. புதன் 18. வியாழன் 13. வெள்ளி 17, அதில் 60 விநாடி மேட்டோட்டம் பத்து, அல்லது ஒரு கிலோமீட்டர் ஆறு முறை பந்தய வேகத்தில். சனி 8. ஞாயிறு 24.

செவ்வாய்க்கிழமையில்தான் ஐந்தாவது ஆளைக் கொல்வார்கள். த்ரெஷோல்ட் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். முதல் ஆளுக்கு அது கிலோமீட்டருக்கு 3:07 என்றால் ஐந்தாவது ஆளுக்கு 3:15 இருக்கும். எல்லோரும் ஒரே கூட்டமாக ஓடினால் முதல் ஆள் த்ரெஷோல்ட் ஓடுகிறான். ஐந்தாவது ஆள் ஒவ்வொரு செவ்வாயும் பந்தயம் ஓடுகிறான். பார்க்க அழகாக இருக்கும். ஏழு பேரும் தோளோடு தோள், பயிற்சியாளருக்குப் பெருமை தாங்காது. அந்தப் பையன் அக்டோபர் நடுவரை மேலே மேலே வருவான், பிறகு காரணமே தெரியாமல் கீழே போவான். தூக்கம் கெட்டது, தேர்வு நெருக்கடி என்று சொல்வார்கள். காரணம் செவ்வாய்க்கிழமை.

இதற்கு வழி இருக்கிறது. கிலோமீட்டருக்கு 8 விநாடி வித்தியாசம் என்றால் 1.6 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 13 விநாடி. இரண்டாவது கூட்டத்தை 13 விநாடி முன்னால் அனுப்புங்கள். முடிவுக் கோட்டில் இரண்டு கூட்டமும் ஒன்றாக வந்து சேரும். ஒன்றாக ஓடிய திருப்தியும் இருக்கும், யாருக்கும் வேகம் மிஞ்சாது. சரியாக ஓடினார்களா என்று தெரிய, கடைசி ஓட்டம் முடிந்த உடனே ஒருவனிடம் பேச்சுக் கொடுங்கள். இரண்டு மூச்சில் ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும். முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றால் அடுத்த வாரம் அவனுக்குக் கிலோமீட்டருக்கு 4 விநாடி கூட்டிக் கொடுங்கள், விவாதம் வேண்டாம்.

ஒரு பயிற்சியில் ஓடும் த்ரெஷோல்ட் தூரம் வார மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட் கல்லூரியில் மகளிர் அணிக்குப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த ஜாக் டேனியல்ஸ் வகுத்த வரம்பு இது. கையில் கடிகாரம் மட்டும் இருந்த காலத்தில் சொன்னது, இன்றைக்கும் இதை மீறி யாரும் பெரிதாக லாபம் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரும்பு, எலும்பு, வெயில்

வருஷத்துக்கு இருமுறை, ஆகஸ்டிலும் ஜனவரியிலும், ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு, பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியான பிறகுதான் அது இறங்கும். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாத்திரை எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூடுதல் இரும்பும் கெடுதல். நீங்கள் சொல்லக்கூடியது நேரம்: கடும் பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரம்வரை குடல் இரும்பைச் சரியாக ஏற்காது. ஆகவே காலையில், ஆரஞ்சுச் சாறோடு. காபி, டீ அதோடு கூடாது.

மகளிர் அணிக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் தராசை விளையாட்டு அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடை குறைந்த பெண் ஒரு சீசன் வேகமாக ஓடுவாள், அதற்குப் பிறகு எலும்பு விரிசல்தான். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதை ஓட்டக்காரி வெட்கமின்றிச் சொல்லக்கூடிய ஒரு பெண் உதவியாளரோ உடற்பயிற்சி மருத்துவ ஊழியரோ அணியில் இருக்க வேண்டும். வலியில் இரண்டு இடங்களுக்கு ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்: பாதத்தின் மேல் நடுப்பகுதி, தொடை இடுக்கு. விரிசல் அங்கே இருந்தால் ஓடி ஓடிப் பிளந்து அறுவை சிகிச்சைவரை போகும்.

ஆகஸ்ட் முகாமில் வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். முதல் வாரம் காலை ஆறரைக்கு முன் தொடங்குங்கள். ஒரு பெரிய தொட்டி, நிறையத் தண்ணீர், ஐஸ் மூட்டைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஓட்டக்காரன் தள்ளாடி, பேச்சுக் குழறினால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உடனே கழுத்துவரை தண்ணீரில் இறக்குங்கள். முதலில் குளிரவைக்க வேண்டும், ஆஸ்பத்திரி பிறகு. அந்த வரிசை மாறியதால் பிழைக்க வேண்டியவர்கள் செத்திருக்கிறார்கள்.

எந்தப் போட்டிக்குப் போவது

முதல் டிவிஷன் தேசியப் போட்டிக்கு 31 அணிகள். ஒன்பது மண்டலங்களிலிருந்து முதல் இரண்டு அணிகள் நேரடியாக, ஆக 18. மீதி 13 இடம், சீசனில் யாரைத் தோற்கடித்தீர்கள் என்பதை வைத்து. அதனால் அக்டோபரில் சின்னப் போட்டியில் ஜெயித்துக் கோப்பை வாங்குவதைவிட, விஸ்கான்சினில் நடக்கும் நட்டிகோம் போன்ற பெரிய போட்டியில் பன்னிரண்டாவதாக வருவது அதிகம் பயன் தரும். செப்டம்பர் முழுக்க இரண்டு பந்தயம் போதும். கான்ஃபரன்ஸ் (உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கும் கூட்டமைப்பின் போட்டி), மண்டலம், தேசியம் என்று அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் கடைசிவரை மூன்று. மண்டலத்துக்கும் தேசியத்துக்கும் நடுவே எட்டே நாள். அந்த எட்டு நாளில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, கெடுக்க மட்டும் முடியும்.

தடத்தில்

முந்தின நாள் முழுத் தடத்தையும் நடந்து பாருங்கள், ஓடாதீர்கள். இண்டியானாவில் டெர்ரே ஹாட் ஊரின் லவெர்ன் கிப்ஸன் தடம் பழைய நிலக்கரிச் சுரங்க மண்ணில் கிராஸ் கன்ட்ரிக்கென்றே அமைத்தது. தேசியப் போட்டி பலமுறை அங்கே நடந்திருக்கிறது. தொடக்கம் அகலமாக, நீளமாக, நேராக இருக்கும். அது ஏமாற்று. இடம் நிறைய இருப்பதால் எல்லோரும் பறப்பார்கள், தடம் குறுகி வளையும் இடத்தில் 250 பேர் முட்டிக்கொள்வார்கள். நடக்கும்போது ஒவ்வொருவனிடமும் கேளுங்கள்: இந்த வளைவுக்கு வரும்போது நீ எந்தப் பக்கம் இருக்கப் போகிறாய்? பதில் சொல்லத் தெரியாதவன் நாளைக்கு நடுவில் மாட்டிக்கொள்வான். முதல் 400 மீட்டரில் ஐந்தாவது ஆள் இருக்க வேண்டிய இடம் கூட்டத்தின் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கு மேல் பிடித்த ஒவ்வோர் இடத்தையும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பான்.

காலணி ஆணிகள். ஏழு பேர், இரண்டு கால், காலுக்கு ஆறு ஆணி, மொத்தம் 84. காய்ந்த புல்லுக்கு 9 மில்லிமீட்டர், நனைந்த தரைக்கு 12, சேற்றுக்கு 15. ஒவ்வோர் அளவிலும் நூறு, மூன்று திருகுசாவி, ஒரு குறடு, பழைய பல்துலக்கி, கொஞ்சம் வாசலின். குறடு எதற்கென்றால், போன மழையில் ஓடி அப்படியே பையில் போட்ட காலணியில் ஆணி துருப்பிடித்து இறுகி, தலை வழுக்கிப்போயிருக்கும். பந்தயக் காலையில், விரல் விறைக்கும் குளிரில் இதைக் கழற்ற முடியாது. முந்தின இரவே ஓட்டலில் எல்லாக் காலணிகளையும் வரிசையாக வைத்து, ஓட்டையில் மண்ணைத் துலக்கி, திருகில் வாசலின் தொட்டுப் பொருத்துங்கள். இரவில் மழை பெய்தால் காலையில் மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன் சாப்பாடு. 50 நிமிடம் இருக்கும்போது மெதுவோட்டம் தொடக்கம். 15 நிமிடம் இருக்கும்போது ஆணிக்காலணி. தொடங்கும் பெட்டியில் ஏழு பேரும் ஒரே வரிசையில் நிற்க இடமிருக்காது, வேகமாகப் புறப்படுபவர்கள் முன்னால் நிற்கட்டும். நேரச் சிப் யாருடையது யாரிடம் இருக்கிறது என்று எண்ணைப் பார்த்து ஒருவர் சரிபார்க்க வேண்டும். அறைத்தோழர்கள் இருவர் மாற்றிக் கட்டிக்கொள்வது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்.

ஓடும்போது கத்த வேண்டியது எண்ணை. 'விடாதே, விடாதே' என்று கத்துவதில் பயனில்லை. உதவியாளர் 5 கிலோமீட்டரில் நின்று கடப்பவர்களை ஐந்து ஐந்தாக எண்ணட்டும். 'நீ 71. முன்னால் பச்சைச் சட்டை மூன்று.' அந்த மூன்று சட்டை அணிக்கு மூன்று புள்ளி என்று ஐந்தாவது ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவைப்பது அன்றைக்கு முடியாது. செப்டம்பர் முதல் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் கூட்டலைப் பலகையில் எழுதிக் காட்டியிருக்க வேண்டும்.

பதிவு அட்டை

ஒவ்வோர் ஓட்டக்காரனுக்கும் ஓர் அட்டை, நான்கு வருஷத்துக்கும் அதே அட்டை. வார தூரம், ஃபெரிட்டின், காயம் வந்த தேதியும் அதற்கு முந்தைய ஆறு வாரத்தின் தூரமும், செவ்வாய்க்கிழமை வேகம், பந்தயத்தில் முதல் ஆளுக்கும் அவனுக்கும் இருந்த விநாடி வித்தியாசம். கடிகாரமும் கைபேசியும் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கின்றன, உண்மைதான். ஆனால் பையன் படித்து முடித்துப் போகும்போது அவன் கணக்கோடு அதுவும் போய்விடுகிறது. பத்து வருஷ அட்டைகளை மேஜையில் பரப்பினால், உங்கள் திட்டத்தில் எந்த மாதம் ஆட்களை உடைக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். பலருக்கு அது அக்டோபர் முதல் வாரமாக இருக்கும்: இடைத் தேர்வு, முதல் பெரிய பந்தயம், உச்ச தூரம் மூன்றும் சேரும் வாரம். அந்த வாரத்தின் தூரத்தை 15 சதவீதம் குறைத்துவிடுங்கள்.

தேசியப் போட்டி முடிந்த திங்கள்கிழமை அட்டைகளை எடுங்கள். நான்காம் வருஷத்துக்காரர்களுடையதைத் தனியே வையுங்கள். மிச்சத்தில் எட்டாவது முதல் பதினொன்றாவது ஆள்வரை நான்கு அட்டைகளை மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் வரும் ஜூன் மாதத்துக்கான தொடக்கத் தூரத்தைப் பென்சிலால் எழுதுங்கள்.